மூலிகை இலையின் வீரியம் மாதத்துக்கு மாதம் மாறுமா? எப்போது பறிப்பது?

ஒரே செடியின் இலையில் ஃபிளேவனாய்டு என்ற தற்காப்புச் சேர்மத்தின் அளவு ஒரு மாதத்தில் இருந்ததைவிட இன்னொரு மாதத்தில் இரண்டு மடங்கு இருந்ததாக ஓர் ஆய்வில் படித்தேன், அப்படியானால் எந்த மாதம் பறிக்க வேண்டும், மற்ற மாதங்களில் பறித்துக் காயவைத்த இலை வீண்தானா, அளவைக் கூட்டிப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி மாதத்தைப் பற்றியதாக இருந்தாலும், கையில் இருக்கும் இலையை எவ்வளவு நம்பலாம் என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் மூலிகை வேதியியல் படித்தவன். இலைகளைப் பிரித்து ஆராய்வதே பல ஆண்டுகளாக என் வேலை. அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மாற்றம் உண்மைதான். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அதற்குக் காரணம் மாதம் அல்ல. ஒரு மாதத்துக்கும் இன்னொரு மாதத்துக்கும் நடுவில் வெயில் மாறுகிறது, பகலின் நீளம் மாறுகிறது, இரவின் குளிர் மாறுகிறது, மண்ணின் ஈரம் மாறுகிறது, பூச்சிகள் வந்து போகின்றன, செடிக்கு வயதாகிறது, இலைக்கும் வயதாகிறது. இத்தனையையும் சேர்த்துக் கட்டி அதற்குப் ‘பருவம்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆய்வில் கிடைத்த எண், இந்தக் கட்டு மொத்தமும் சேர்ந்து செய்த வேலை. அதனால் அந்த ஆய்வில் வந்த மாதத்தை அப்படியே எடுத்து உங்கள் செடிக்குப் பொருத்தினால் பெரும்பாலும் பொருந்தாது. கட்டை அவிழ்த்துப் பார்த்தால்தான் எதைப் பின்பற்றலாம் என்று தெரியும்.

முதலில் வெளிச்சம். இங்கே நமக்கு நல்ல தெளிவு இருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர், குறிப்பாக அதன் ‘பி’ பகுதி, இலையின் உள் திசுக்களைக் கெடுக்கக்கூடியது. செடி அதைத் தடுக்க மேல்தோல் செல்களில் ஃபிளேவனாய்டுகளைச் சேர்த்துவைக்கிறது. அவை அந்தக் கதிரை உறிஞ்சிக்கொள்கின்றன. கதிர் கூடினால் ஃபினைல் அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து இந்தச் சேர்மங்களைக் கட்டும் நொதிகள் வேகமெடுக்கின்றன. நிழல் இலையையும் வெயில் இலையையும் ஒரே மரத்தில் ஒரே நாளில் பறித்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். தேயிலைச் செடியை மூடி நிழலில் வளர்த்தால் ஃபிளேவனாய்டு வகையைச் சேர்ந்த அதன் கேட்டசின்கள் குறைந்து தியானின் என்ற அமினோ அமிலம் கூடுகிறது. செடி அதே, மாதமும் அதே, வெளிச்சம் மட்டும் வேறு. பருவத்திலிருந்து வெளிச்சத்தைத் தனியே பிரித்துக் காட்டும் சோதனை இது என்பதால் எனக்கு இது மிகவும் பிடிக்கும்.

மண்ணும் சேர்ந்துகொள்ளும். நைட்ரஜன் தாராளமாகக் கிடைக்கும்போது செடி வளர்ச்சியில் இறங்குகிறது, ஃபிளேவனாய்டுகளும் அடங்கும் ஃபீனாலிக் பொருட்கள் பொதுவாகக் குறைகின்றன. நைட்ரஜன் தட்டுப்பட்டால் அவை கூடுகின்றன. நிக்கோட்டின் போன்ற ஆல்கலாய்டுகளுக்கு இது அப்படியே பொருந்தாது, ஏனென்றால் அவற்றின் கட்டமைப்பிலேயே நைட்ரஜன் இருக்கிறது. பூச்சி கடித்தாலும் கணக்கு மாறும். புகையிலைச் செடியின் இலையைப் புழு தின்னத் தொடங்கியதும் செய்தி வேருக்குப் போய், அங்கே நிக்கோட்டின் உற்பத்தி கூடி, அது மறுபடி இலைக்கு ஏறுகிறது. ஆக, ஒரு மாதத்தில் எண் உயர்ந்ததற்குக் காரணம் வெயிலாகவும் இருக்கலாம், அந்த மாதம் புழு அதிகம் என்பதாகவும் இருக்கலாம். ஆய்வாளர் புழுவைக் குறித்துவைக்காவிட்டால் நமக்குத் தெரியவே தெரியாது.

அப்புறம் இலையின் வயது. பருவம் என்று பலரும் சொல்வதில் பாதி இதுதான் என்பது என் கணிப்பு. இங்கிலாந்தில் பால் ஃபீனி ஓக் மர இலைகளை ஆராய்ந்து 1970-இல் வெளியிட்ட முடிவு இன்றும் பாடமாக இருக்கிறது. வசந்தத்தில் விரியும் தளிரில் துவர்ப்புப் பொருளான டானின் குறைவு, புரதம் அதிகம். கோடை போகப் போக டானின் ஏறுகிறது, புரதம் இறங்குகிறது. ஓக்கை உண்ணும் அந்துப்பூச்சிப் புழுக்கள் வசந்தத்தின் தொடக்கத்திலேயே தின்று முடிப்பதற்கு இதை அவர் காரணமாகக் காட்டினார். அந்த மரங்கள் வசந்தத்தில் ஒரே தடவை தளிர்த்து அதே இலைகளை இலையுதிர் காலம்வரை வைத்திருப்பவை. அங்கே மாதம் போவதும் இலைக்கு வயதாவதும் ஒன்றாகவே நடக்கின்றன. ஆனால் ஆண்டு முழுக்கத் துளிர்விடும் செடியில் ஒரே கிளையில் தளிரும் முற்றலும் ஒன்றாக இருக்கும். அதில் எந்த இலையைப் பறித்தீர்கள் என்பதே எந்த மாதம் பறித்தீர்கள் என்பதைவிடப் பெரிய கேள்வி. எல்லாச் சேர்மமும் வயதாக ஆகக் கூடும் என்றும் எண்ண வேண்டாம். பல ஆல்கலாய்டுகள் இளம் இலையில்தான் அடர்த்தி. செடி தன் விலைமதிப்புள்ள தளிரை முதலில் காக்கிறது. கல்லீரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் கொண்ட காம்ஃப்ரி செடியில் தளிர் இலையே கூடுதல் ஆபத்தானது.

இந்த இடத்தில் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் ஆய்வுகளைப் படிப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஒரு தளிரின் உலர் எடை 100 மில்லிகிராம், அதில் நமக்கு வேண்டிய பொருள் 4 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இலைக்குள் இருப்பது 4 மில்லிகிராம். அதே இலை முற்றி 400 மில்லிகிராம் ஆகிறது, சதவீதம் 2 ஆகக் குறைகிறது. இப்போது இலைக்குள் இருப்பது 8 மில்லிகிராம். அட்டவணையில் ‘பாதியாகக் குறைந்தது’ என்று இருக்கும். இலையோ அந்தப் பொருளை இரு மடங்கு சேர்த்திருக்கிறது; நாரும் சுவர்ப் பொருளும் அதைவிட வேகமாகச் சேர்ந்ததால் அடர்த்தி இறங்கிவிட்டது. எடை போட்டுப் பயன்படுத்துபவருக்குச் சதவீதம் முக்கியம். செடி என்ன செய்தது என்று கேட்பவருக்கு மொத்த அளவு முக்கியம். எந்தக் கேள்விக்கு எந்த எண் என்று பிரிக்காமல் படித்தால் தலைகீழான முடிவுக்கு வந்துவிடுவோம்.

ஈரம் இன்னொரு வலை. மழைக்காலத்தில் பறித்த இலையில் 80 சதவீதம் நீர், வறண்ட காலத்தில் பறித்ததில் 65 சதவீதம் நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் உலர் எடையில் சரியாக 1 சதவீதமே பொருள் இருந்தாலும், ஒரு கிராம் பச்சிலையில் முன்னதில் 2 மில்லிகிராமும் பின்னதில் 3.5 மில்லிகிராமும் இருக்கும். இலையின் வேதியியல் துளியும் மாறவில்லை. நீங்கள் படித்த ஆய்வு பச்சை எடையில் கணக்கிட்டதா, உலர் எடையில் கணக்கிட்டதா என்று முதலில் பாருங்கள். ‘இரண்டு மடங்கு’ என்பதில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துபோக வாய்ப்பு உண்டு.

செடியின் வளர்ச்சிக் கட்டம்தான் பறிப்பவருக்கு எல்லாவற்றையும்விட உதவும் அடையாளம். இது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் டிஜிட்டாலிஸ் செடியை இதய நோயாளிகளுக்குக் கொடுத்து வந்த அனுபவத்தை 1785-இல் நூலாக வெளியிட்டார். இலையின் வேகம் பருவத்துக்குப் பருவம் மாறுவதை அவர் கவனித்தார். எப்போதும் செடி பூக்கும் கட்டத்தில் மட்டும் இலையைப் பறித்து, கவனமாகக் காயவைத்தால் மருந்தின் அளவை நிலைப்படுத்த முடியும் என்று முடிவுக்கு வந்தார். அவர் பிடித்துக்கொண்டது செடியின் நிலையை, நாட்காட்டியை அல்ல. இலைக்குள் இருந்து இதயத்தில் வேலை செய்த, சர்க்கரை இணைந்த சேர்மங்களான கிளைக்கோசைடுகளைப் பற்றி யாருக்குமே தெரியாத காலத்தில் இப்படி யோசித்தது எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. அந்த மருந்தில் குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. அதனால்தான் அவர் அவ்வளவு கவனமாக இருக்க வேண்டியிருந்தது.

நிலவேம்பிலும் இதே கதைதான். அதன் கசப்புப் பொருளான ஆண்ட்ரோகிராஃபோலைடு, பூக்கத் தொடங்கும் நேரத்தை ஒட்டி இலையில் உச்சத்தில் இருக்கிறது என்று பெரும்பாலான ஆய்வுகள் ஒத்துப்போகின்றன. காய் முற்றிய பிறகு இலையும் உதிர்கிறது, பொருளும் குறைகிறது. மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் வரலாற்றிலும் இது வருகிறது. சீன விஞ்ஞானி து யூயூ தலைமையிலான குழு ஆர்ட்டிமிசியா அன்னுவா செடியோடு போராடியபோது தொடக்கத்தில் முடிவுகள் ஒருநாள் நன்றாகவும் ஒருநாள் மோசமாகவும் வந்தன. கொதிக்கவைக்காமல் குறைந்த வெப்பத்தில் ஈதரில் பிரித்தெடுத்தது திருப்புமுனை. 1971 அக்டோபரில் சோதித்த அந்தச் சாறு எலிகளின் மலேரியாவை முழுமையாகத் தடுத்தது. இது பலருக்கும் தெரிந்த பகுதி. பொருள் இலையில்தான் இருக்கிறது, தண்டில் இல்லை. செடி பூப்பதற்கு முன் பறிக்க வேண்டும். விளையும் இடமும் முக்கியம் என்பதையும் அந்தக் குழு கண்டறிந்தது. 2015-இல் நோபல் பரிசு பெற்ற அந்த வேலையில் இந்தப் பகுதிக்கும் சரிபாதிப் பங்கு உண்டு என்பேன்.

இதுவரை ‘அந்தப் பொருள்’ என்று ஒருமையில் பேசினேன். இலையில் இருப்பவை பல, எல்லாம் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதில்லை. கிங்கோ மர இலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் ஃபிளேவனால் கிளைக்கோசைடுகள் வசந்தத் தளிரில் அடர்த்தியாக இருந்து பிறகு குறைகின்றன. கிங்கோலைடுகள் போன்ற டெர்ப்பீன் லாக்டோன்களோ கோடையின் கடைசிவாக்கில், இலை மஞ்சளாவதற்கு முன்தான் உச்சத்துக்கு வருகின்றன. இந்த இலையின் தரப்படுத்திய சாற்றில் இரண்டுமே குறிப்பிட்ட அளவில் இருக்க வேண்டும். சுமார் 24 சதவீதம் முன்னது, 6 சதவீதம் பின்னது. ‘கிங்கோவுக்குச் சிறந்த மாதம் எது’ என்று கேட்டால், எதற்குச் சிறந்தது என்று திருப்பிக் கேட்பதைத் தவிர வேறு பதில் கிடையாது.

மிளகுக்கீரை என்று சொல்லப்படும் பெப்பர்மின்ட்டில் அளவு மட்டுமல்ல, எண்ணெயின் குணமே மாறுகிறது. அதன் இலை மேல் உள்ள நுண்ணிய சுரப்பிகளில்தான் எண்ணெய் தங்குகிறது. இலை பிறந்து ஏறக்குறைய 12 முதல் 20 நாள் வரையிலான சிறு காலத்தில்தான் அந்தச் சுரப்பிகள் எண்ணெயைச் சுறுசுறுப்பாக உண்டாக்குகின்றன. இளம் இலையில் மெந்தோன் மிகுதி, முற்ற முற்ற அது மெந்தாலாக மாறுகிறது. பகல் நீண்டு, வெளிச்சம் போதுமானதாக இருந்து, இரவு குளிர்ந்தால் தயாரிப்பு நல்ல திசையில் போகும். வெளிச்சம் குறைந்து இரவு வெம்மையாக இருந்தால் புலெகோனும் மெந்தோஃபியூரானும் கூடும். அவை அதிகமானால் கல்லீரலுக்குக் கெடுதல். ‘இந்த மாதம் எண்ணெய் கூடுதல்’ என்ற ஒற்றை வரியை நான் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இதுவே காரணம். எந்த எண்ணெய் கூடியது?

நாளுக்குள்ளேயும் மாற்றம் உண்டு. இலையின் ஓரத்திலேயே குட்டிச் செடிகள் முளைக்கும் ரணகள்ளியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் இலை காலையில் புளிக்கிறது, நண்பகலில் சுவையற்றுப் போகிறது, மாலையில் லேசாகக் கசக்கிறது என்று பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலாளர் 1813-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். வெறும் நாக்கால் கண்டுபிடித்தது. அந்தச் செடி இரவில் கரியமில வாயுவை வாங்கி மாலிக் அமிலமாகச் சேமித்துப் பகலில் செலவழிக்கிறது என்பது பின்னாளில் தெளிவானது. எல்லாச் செடியும் இவ்வளவு ஊசலாடுவதில்லை. ஆனாலும் ஒரு மாதம் காலையிலும் மறுமாதம் மதியத்திலும் பறித்து இரண்டையும் ஒப்பிட்டால் அது பருவ ஒப்பீடாகாது.

சரி, உறுதியாகச் சொல்ல முடியாதவை எவை? முதலாவது, வறட்சி. நீர் குறைந்தால் பல செடிகளில் ஃபீனாலிக், டெர்ப்பீன், ஆல்கலாய்டு அடர்த்தி கூடுவது திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. ஏன் என்பதில் கருத்து ஒன்றாக இல்லை. இலைத்துளைகள் மூடி, கரியமில வாயு வரவு குறைந்து, மிஞ்சும் ஆற்றலைச் செடி இப்படிச் செலவிடுகிறது என்பது ஒரு விளக்கம். வளர்ச்சி நின்றதால் இருப்பது அடர்த்தியாகத் தெரிகிறது என்பது இன்னொன்று. இரண்டும் கலந்தே நடக்கலாம். எப்படியானாலும் வறட்சியில் இலையின் மொத்த விளைச்சல் குறைவதால், வேண்டுமென்றே செடியை வாடவிடும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, ஒரே ஓர் ஆண்டில், ஒரே இடத்தில், சில செடிகளில் மாதம் ஒருமுறை பறித்துச் செய்யும் ஆய்வுகள். இத்துறையில் இவை மலிந்து கிடக்கின்றன. ஓர் ஆண்டுத் தரவில் ‘பருவம்’ என்பதையும் ‘அந்த ஆண்டின் வானிலை’ என்பதையும் பிரிக்க வழியே இல்லை. மூன்றாவது, அளக்கும் முறை. ‘மொத்த ஃபீனால்’ என்று வரும் எண் பெரும்பாலும் ஃபோலின் வினைப்பொருளின் நிறமாற்றத்தை வைத்துக் கணக்கிடுவது. அந்த வினைப்பொருள் ஃபீனாலோடு மட்டும் வினைபுரிவதில்லை. வைட்டமின் சி-யும் சில சர்க்கரைகளும்கூட நிறத்தைக் கொடுக்கும். எச்.பி.எல்.சி. கருவியில் ஒவ்வொரு சேர்மத்தையும் தனித்தனியே பிரித்து அளந்திருந்தால் அந்த எண்ணுக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். நான்காவதாக ஒன்று இருக்கிறது, அது இவற்றைவிட முக்கியம். அளவு கூடினால் உடலில் பலனும் அதே விகிதத்தில் கூடும் என்று எடுத்துக்கொள்ள ஆதாரம் மிகக் குறைவு. குழாயில் செய்யும் ஆக்சிஜனேற்றத் தடுப்புச் சோதனை உயர்ந்தது என்பதும் நோயாளிக்கு நல்லது நடந்தது என்பதும் வேறு வேறு விஷயங்கள்.

பருவத்தைவிடப் பெரிதாக இருக்கக்கூடிய இரண்டைச் சொல்லாமல் விட்டால் பதில் கோணலாகிவிடும். ஒன்று, மரபு. துளசியில் யூஜினால் மிகுந்த வகையும் உண்டு, மெத்தில் யூஜினால் மிகுந்த வகையும் உண்டு. பக்கத்துப் பக்கத்தில் ஒரே நாளில் முளைத்தாலும் எண்ணெய் வேறுதான். எந்த மாதமும் ஒன்றை மற்றொன்றாக மாற்றாது. இரண்டு, பறித்த பிறகு நடப்பது. காய்கிற இலையில் நொதிகள் உடனே நின்றுவிடுவதில்லை. கடும் வெப்பத்தில் காயவைத்தால் ஆவியாகும் எண்ணெய் போய்விடும்; ஈரத்தோடு குவித்துவைத்தால் கிளைக்கோசைடுகள் சிதையும், பூஞ்சை பிடிக்கும். ஆடாதோடையின் வாசிசின் காற்றுப்பட்டு மெல்ல வாசிசினோனாக மாறும். நேர்மாறாக, ஆர்ட்டிமிசியாவில் காயும்போது முன்னோடிப் பொருள் வெளிச்சத்திலும் ஆக்சிஜனிலும் ஆர்ட்டிமிசினினாக மாறி அளவு கூடுகிறது. மழைக்கால இலை பலவீனமாக வருவதற்குச் செடியைவிட, மழைக்காலத்தில் சரியாகக் காயாததே காரணமாக இருக்கும் சந்தர்ப்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் நீங்கள் என்ன செய்யலாம்? மாதத்தை விட்டுவிட்டுச் செடியைப் பாருங்கள். பூக்கும் சிறு செடி என்றால் மொட்டு விடும் நேரம், ஆண்டு முழுக்கத் துளிர்க்கும் மரம் அல்லது புதர் என்றால் முழுதாக விரிந்து இன்னும் தடிக்காத, பூச்சி அரிக்காத இலை என்று ஒன்றை முடிவுசெய்து எப்போதும் அதையே பறியுங்கள். பனி உலர்ந்த பின், வெயில் ஏறும் முன் என்று ஒரே நேரத்தில் பறியுங்கள். ஒரே கிளையை மொட்டையடிக்காமல் பல செடிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்தால் தனிச் செடிகளின் ஏற்றத்தாழ்வு சமன்படும். நிழலில் காற்றோட்டமாகக் காயவைத்து, பறித்த தேதியோடு செடியின் நிலையையும் எழுதி மூடிவையுங்கள். இவை உச்ச அளவைத் தராமல் போகலாம், ஆனால் ஏறத்தாழ ஒரே மாதிரியான இலையைத் தரும். மருந்துக்கு வேண்டியது அதுதான். மருந்துத் தர நூல்களும் நாட்காட்டி பார்ப்பதில்லை, குறைந்தபட்ச அளவையே விதிக்கின்றன. பெப்பர்மின்ட் முழு இலையில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் எண்ணெயாவது இருக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய மருந்து நூல். மற்ற மாதங்களில் நீங்கள் காயவைத்த இலை வீண் அல்ல. நன்றாகக் காய்ந்து, நிறமும் மணமும் கெடாமல் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதத்துக்கு ஏற்ப அளவைக் கூட்டிப் போட்டுக்கொள்வதை மட்டும் செய்யாதீர்கள். உங்கள் இலையில் எவ்வளவு இருக்கிறது என்பதை அளக்காமல் செய்யும் அந்தத் திருத்தம் எந்தப் பக்கம் தவறும் என்று சொல்லவே முடியாது. வேண்டிய பொருள் குறைந்த அதே மாதத்தில் வேண்டாத பொருள் கூடியிருக்கவும் கூடும். இதயம், கல்லீரல், இரத்தம் உறைதல் தொடர்பான மருந்து ஏற்கெனவே எடுப்பவராக இருந்தால், எந்த இலையையும் தொடங்குவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நான் வேதியியல்காரன், வைத்தியம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இங்கே சொன்னவை இலைக்கு மட்டுமே பொருந்தும்; வேர், கிழங்கு, பட்டை ஆகியவை சேமிக்கும் உறுப்புகள் என்பதால் அவற்றின் ஏற்ற இறக்கம் பலமுறை இலைக்கு எதிர்த்திசையிலேயே போகும்.

எந்தச் செடி, அந்த ஆய்வில் அளந்தது தனிச் சேர்மமா மொத்த ஃபிளேவனாய்டா, உலர் எடையிலா பச்சை எடையிலா, எத்தனை ஆண்டுத் தரவு, பறித்த இலைகள் ஒரே வயதுடையவைதானா என்ற விவரங்களைப் பார்த்து எழுதுங்கள். அவை தெரிந்தால் அந்த ‘இரண்டு மடங்கில்’ எவ்வளவு நிற்கும் என்பதை இன்னும் நெருக்கமாகச் சொல்ல முடியும்.